கடுக்காய் பங்களாவின் பின் தாழ்வாரம்

...அதுவும் இங்கேதானா வந்து படம் எடுக்க வேண்டும், திருக்கடையூரில் கோயில் இல்லையா, கோபுரம் இல்லையா, நாளைக்குக் காலையில் எப்படியும் அங்கே மாலையும் கழுத்துமாக நிற்கத்தானே போகிறோம், அங்கேயே எடுத்துக்கொண்டால் ஆகாதா என்று பிரகதாம்பாள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள், தர்ஷினி காதில் போட்டுக்கொள்ளவில்லை. "அம்மா, இது அறுபதாம் கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்குற ஷூட்டும்மா, கோயில்ல எடுக்குறது வேற" என்று சொல்லிவிட்டு அம்மாவின் முந்தானையைச் சரிசெய்தாள். சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்த பெண், அவளிடம் எதையென்று சொல்வது, இருபத்தெட்டு வயதில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் பண்ணிவைக்க வந்திருக்கிறாள், பெண்ணைப் பெற்றால் இதெல்லாம் பார்க்கலாம் போலிருக்கிறது... கேட்டில் டிக்கெட் கிழிக்கிற ஷம்சாத், கேமராவுக்குத் தனி டிக்கெட், ட்ரோன் பறக்கவிட்டால் அதற்கு ஒன்று என்று சொன்னவள், பிரகதாம்பாளின் பட்டுப்புடவையையும் பக்கத்தில் பட்டு வேட்டியில் விறைத்துக்கொண்டு நின்ற தியாகராசனையும் பார்த்துவிட்டு, "அறுபதா? நல்லா இருங்கம்மா" என்று வாய் நிறையச் சொன்னாள். நல்லா இருக்க வேண்டும்தான். நாளைக்குக் காலை ஏழரை மணிக்கு இந்த மனிதர் இவள் கழுத்தில் இன்னொரு தாலி கட்டப்போகிறார், அதற்குள் இவரை ஒரு கேள்வி கேட்டாக வேண்டும், பதில் சரியில்லை என்றால் மணையில் உட்காருவதில்லை என்று மூன்று மாதமாக மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். அது மகளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

கடுக்காய் பங்களா என்றுதான் ஊரில் பேர். கட்டிய மிராசுதாரர் சுத்த சைவமாம், சுவர்ப்பூச்சில் முட்டை சேரக் கூடாது என்று கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், அதனால் வண்டி வண்டியாகக் கடுக்காய் வந்து இறங்கி, வெல்லத்தோடு ஊறி, சுண்ணாம்போடு அரைபட்டுச் சுவருக்குப் போனதாம், நூற்றிருபது வருஷம் ஆகியும் அதில் முகம் பார்க்கலாம் என்று பெருமை பேசுவார்கள், பேசுகிறவர்கள் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. மிராசுதாரரின் பேரன்கள் மெட்ராஸ் போனார்கள், பங்களா சர்க்கார் வசம் வந்தது, சர்க்கார் வசம் வந்த கட்டடத்தின் தலையெழுத்துப்படி அதற்குள் ஓர் ஆபீஸ் வந்தது, பிறகு ஆபீஸ் போய் வௌவால் வந்தது, இப்போது ஐந்து வருஷமாகப் பேரூராட்சிப் பூங்கா. தென்னந்தோப்பில் பாதியை வெட்டி நடைபாதை போட்டு, சிமெண்டில் ஓர் ஒட்டகச்சிவிங்கியை நிறுத்தியிருக்கிறார்கள், ஒட்டகச்சிவிங்கிக்கும் குத்தாலம் பக்கத்து வாய்க்காலுக்கும் என்ன சம்பந்தமோ, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, அப்புறம் யார் கேட்பது. சுகர்காரர்கள் காலையும் மாலையும் பங்களாவை வலம் வருகிறார்கள், கோயிலைச் சுற்றினால் புண்ணியம், இதைச் சுற்றினால் சுகர் இறங்குகிறது. பிரகதாம்பாளுக்கும் சுகர் உண்டு, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், ஆனால் அவள் மொட்டை மாடியிலேயே நடந்துகொள்வாள். ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட இந்தக் கேட்டுக்குள் கால் வைத்ததில்லை, கூப்பிட்டவர்களிடமெல்லாம் மூட்டுவலி என்று சொல்லிவைத்திருந்தாள்.

மூட்டுவலியாவது ஒன்றாவது... அந்த ஆபீஸ் பத்திரப் பதிவு ஆபீஸ். இருபத்தாறு வருஷம் ஆகிறது, அதுவும் ஒரு ஆவணிதான், அப்பா போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது, அண்ணன் சிவசாமி வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார், அந்தக் காலத்தில் கார் என்றால் சும்மாவா, தெருவே பார்த்தது. அப்பாவின் ஒரு வேலி நிலத்தில், இருபது மாவில், தன் பங்கு ஆறு மா சொச்சம், அது எனக்கு வேண்டாம், அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்று விடுதலைப் பத்திரம். எல்லாப் பெண்களும் போட்டார்கள், இவளும் போட்டாள், அதில் என்ன... முன்கூடத்தில் பெஞ்சு போட்டு, காற்றாடி சுற்றாமல், பத்திரம் எழுதுகிறவர்கள் கூட்டமும் வெற்றிலை வாசனையுமாக, இவள் பேர் கூப்பிடுகிற வரைக்கும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்தும் வேண்டும், இடது கட்டைவிரல் ரேகையும் வேண்டும், கட்டைவிரலில் மை தடவி உருட்டி எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், துடைக்க ஒரு துணி தரமாட்டார்கள், அதனால் வந்தவர்களெல்லாம் பின் தாழ்வாரத்துக்குப் போய்த் தூணில் துடைத்துவிட்டுப் போனார்கள். இடுப்பு உயரத்துக்கு அந்தத் தூண்கள் எல்லாம் கறுப்புக் கறுப்பாகக் கட்டைவிரல் தீற்றல், விற்றவன் விரல், வாங்கியவன் விரல், விட்டுக்கொடுத்தவள் விரல், எது யாருடையது என்று யாருக்குத் தெரியும். அவளும் மூன்றாவது தூணில்தான் துடைத்தாள். இப்போது தூணுக்கெல்லாம் மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், காதலர்கள் ஆணியால் கீறிய பேர்கள் மட்டும் தெரிகின்றன.

அந்த இரண்டு மணி நேரமும் இந்த மனிதர் எங்கே இருந்தார்? இரண்டு வயது தர்ஷினியைத் தோளில் போட்டுக்கொண்டு, இந்தப் பின் தாழ்வாரத்தில் நின்று வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைப் பார்க்காத ஆள் பாருங்கள், தினமும் பார்க்கிற தண்ணீர்தானே, பொதுப்பணித் துறையில் லஸ்கர் வேலை, மதகின் ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும்தான் பிழைப்பு, அதை விட்டால் கரையில் நடப்பது. இந்த மாதக் கடைசியில் ரிட்டயர்டு. முப்பத்து நான்கு வருஷம், தலைமடைக்காரன் வந்து, "இன்னும் ரெண்டு நாள் விடுங்க லஸ்கரே" என்பான், கடைமடைக்காரன் வந்து, "எங்களுக்கு எப்ப வரும், பயிரு காயிது, நீங்க மனுசனா" என்று கத்துவான், இவர் இரண்டு பேருக்கும் பதில் சொல்லமாட்டார், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அளவுகோலைப் பார்ப்பார், முறை வந்தால் திறப்பார், முறை முடிந்தால் இறக்குவார். பங்கு விஷயத்தில் லஸ்கர் வாயைத் திறந்தால் ஒரு பக்கம் காய்ந்துபோகும் என்று கல்யாணமான புதிதில் இவளிடம் சொல்லியிருக்கிறார், அப்போது அதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது, பெரிய நியாயஸ்தரைக் கட்டிக்கொண்டோம் என்று... ஊருக்கு நியாயஸ்தர் சரி, பெண்டாட்டியும் கடைமடைதானா? போடாதே என்று ஒரு வார்த்தை, அல்லது போடு என்றாவது ஒரு வார்த்தை, எதையாவது சொல்லியிருக்கலாம் அல்லவா. சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாத மனிதரிடம் இதை எதிர்பார்த்ததும் தப்போ என்னவோ.

சண்டை போட்டாளா என்றால் அதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அன்றிலிருந்து அவரிடம் தேவைக்குப் பேசுவது என்று ஆகிவிட்டது, பால்காரன் வந்தான், மழை வரும் போல இருக்கு, துணியை எடுத்துட்டேன், சாப்பாடு மூடி வச்சிருக்கு... அவருக்கு அது வித்தியாசமாகவே படவில்லை, அதுதான் கொடுமை, ஊமைக்கும் ஊமைக்கும் கல்யாணம் போல வீடு ஓடியது. ஆனால் அண்ணன் வந்தால் மட்டும் பிரகதாம்பாளின் குரல் தனி, வாங்கண்ணே வாங்கண்ணே என்று தேன் ஒழுகும், முருங்கைக்காய் சாம்பாரும் வடையும் அப்பளமும் இலையில் இடம் போதாது. பொங்கல் வரிசை முதலில் ஐந்தாறு வருஷம் ஒழுங்காக வந்தது, அப்புறம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம், அப்புறம் போனில் வாழ்த்து. மூன்று மாதத்துக்கு முன்னால் கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிறவள் பார்த்தாள், அப்பாவின் நிலம் முழுக்க மண் அடித்து மேடாக்கி, கல் நட்டு, கலர் கலராகக் கொடி, சிவசாமி நகர் என்று வளைவு. ஆறு மா சொச்சம் எந்தப் பக்கம் என்றுகூட அடையாளம் தெரியவில்லை, பஸ் நிற்காமல் போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தியாகராசனைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இருக்கிறதே, சோற்றைத் தட்டில் போடும்போது கரண்டி தெறித்தது, அவர், "என்ன, கை வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டோ பிடிக்க வந்த வெற்றிசெல்வன் மாயவரத்துப் பிள்ளை, நாக்கு முழுக்கச் சர்க்கரை. முன் வாசலில் நிற்கவைத்தான், படியில் உட்காரவைத்தான், நடைபாதையில் ஏழு தடவை நடக்கவைத்தான், தலைக்கு மேலே ட்ரோன் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது, நடக்க வந்த சுகர்காரர்களெல்லாம் ஓரமாக ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "சார், அம்மா தோள்ல கை போடுங்க சார்" என்றான். தியாகராசன் போட்டார், ஷட்டர் கைப்பிடியில் கை வைப்பது மாதிரி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான். முப்பத்திரண்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் கை இவள் மேல் படுவது இதுதான் முதல் தடவை, அந்தக் கை கனமாக இருந்தது, கூச்சமாக இருந்தது, எடுத்தால் தேவலை என்று இருந்தது, எடுத்தபோது இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமோ என்றும்... சீ, இந்த வயதில் என்ன நினைப்பு. தர்ஷினி கேமராவின் பின்னால் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், இவளுக்கு எதற்கு இப்போது அழுகை, பெற்றவர்கள் பேசிச் சிரித்து ஒருநாளும் பார்க்காத பிள்ளை, படத்திலாவது பார்த்துக்கொள்ளலாம் என்று சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறதோ? நாளைக்கு மணையில் உட்காரமாட்டேன் என்று சொன்னால் இந்தப் பெண்ணின் முகம் என்னவாகும் என்று இதுவரைக்கும் யோசிக்கவே இல்லையே. வெற்றிசெல்வன் அதற்குள் அடுத்த இடம் பார்த்துவிட்டான், "பின்னாடி தாழ்வாரம் செம்மையா இருக்குக்கா, வாய்க்கா தெரியுது, லைட்டு நல்லா விழுது, அங்க போயிடலாம்" என்று தர்ஷினியிடம் சொல்லிக்கொண்டே நடந்தான்.

மூன்றாவது தூண். எண்ணிப் பார்க்கவில்லை, கால் தானாகவே அங்கேதான் நின்றது. வெற்றிசெல்வன் இரண்டு பேரையும் தூணுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நிறுத்திவிட்டு, தர்ஷினியைக் கூட்டிக்கொண்டு புல்வெளி தாண்டித் தூரமாகப் போனான், அங்கிருந்து பெரிய லென்ஸை மாட்டிக்கொண்டு கத்தினான்: "கேமராவைப் பார்க்காதீங்கம்மா, சாரைப் பாருங்க, ரெண்டு பேரும் சும்மா பேசுற மாதிரி பேசுங்க!" பேசுகிற மாதிரி. தியாகராசன் தொண்டையைச் செருமினார், "என்னத்தப் பேசுறது" என்றார். வாய்க்காலில் தண்ணீர் கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது, அவர் கண் அதற்குள் அங்கே போய்விட்டது, அளவு பார்க்கிறார்... இதுதான் நேரம், இதை விட்டால் இன்றைக்கு வீடு முழுக்க ஆள் வந்துவிடும், விடியற்காலை வேன் கிளம்பிவிடும். இருபத்தாறு வருஷம் வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை வெளியில் வரும்போது என்ன குரலில் வருமோ என்று பயமாக இருந்தது, வந்தது என்னவோ பால்காரன் வந்தான் என்கிற குரலில்தான் வந்தது.

"ஏங்க... அன்னைக்கு நான் உள்ள கையெழுத்துப் போடுறப்ப, நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

எந்த அன்றைக்கு என்று கேட்பார் என்று நினைத்தாள். கேட்டால் சரி, முடிந்தது, மறந்துபோன மனிதரிடம் என்ன கட்டிக்கொண்டு அழுவது. பங்கு விஷயத்தில் நான் பேசலாமா என்பார் என்றும் நினைத்தாள், அதற்குப் பதில்கூட மூன்று மாதமாகத் தயார். அவர் இரண்டும் சொல்லவில்லை, தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "நீ சிரிச்சியே" என்றார். யார் என்றாள். "நீதான். ரிஜிஸ்டர் ஆபீசரு கேட்டாருல்ல, யாராச்சும் வற்புறுத்திக் கையெழுத்து வாங்குறாங்களாம்மான்னு. நீ சிரிச்சுகிட்டே சொன்னே, எங்கண்ணனுக்குப் போடுறதுக்கு யாரு சார் வற்புறுத்தணும்னு. நான் பாப்பாவைத் தூக்கிகிட்டு அந்தக் கதவுக்கிட்ட வந்து நின்னேன். போடாதே, வா போலாம்னு சொல்லத்தான் வந்தேன், முத நாள் ராத்திரி பூரா அதான் யோசனை. நீ சிரிச்சதப் பார்த்தேன்... கல்யாணமாகி ஆறு வருசத்துல நம்ம வீட்ல நீ அப்புடி ஒரு நாளு சிரிச்சு நான் பார்க்கல பிரகதா. அதப் போயி எதுக்குக் கெடுக்கணும்னு திரும்பிட்டேன்." தூரத்திலிருந்து வெற்றிசெல்வன், "சூப்பர் சார், அப்படியே பேசுங்க, நிறுத்தாதீங்க" என்று கத்தினான். அவர் நிறுத்திவிட்டார். இவ்வளவு வார்த்தை அவர் ஒரே மூச்சில் பேசி இவள் கேட்டதே இல்லை, பேசின களைப்பில் வேட்டியால் முகத்தைத் துடைக்கப் போய், பட்டு என்று ஞாபகம் வந்து விட்டுவிட்டார்.

சிரித்தேனா? நானா? இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது, ஆபீசரின் மேஜை, அதில் கண்ணாடித் தம்ளரில் டீ, அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தது, அண்ணன் இவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றது... ஆமாம், சிரித்தாள், பலமாகவே சிரித்தாள், ஆபீசரும் சிரித்தார், அண்ணனும் சிரித்தார். எப்படி மறந்தது? மை ஞாபகம் இருக்கிறது, தூண் ஞாபகம் இருக்கிறது, கார் ஞாபகம் இருக்கிறது, சிரித்தது மட்டும் எப்படி இருபத்தாறு வருஷம் இல்லாமல் போனது? முதல் நாள் அண்ணி அடுப்படியில் வைத்து, "கையெழுத்தப் போட்டுட்டா ஒனக்கு என்னைக்கும் பொறந்த வீடு இருக்கும் பிரகதா" என்று சொன்னாள், போடாவிட்டால் இருக்காது என்று சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே குனிந்த தலை நிமிரவில்லை. மறுநாள் ஆபீசர் கேட்டபோது தொண்டைக்குள் ஏதோ ஏறி வந்தது, அதை வெளியே விட்டால் அழுகையாகத்தான் வரும், அண்ணனுக்கு முன்னால் அழுதால் அவ்வளவுதான், அதனால் அதைப் பிடித்துச் சிரிப்பாக்கி வெளியே அனுப்பினாள். பயம். வேறொன்றும் இல்லை, பயம்தான். அதைப் பார்த்து இந்த மனிதர் சந்தோஷம் என்று நினைத்து, பத்திரமாக எடுத்துவைத்து, இத்தனை வருஷமாக... நம்ம வீட்டில் ஏன் இப்படிச் சிரிக்கமாட்டேன் என்கிறாள் என்று அவரும் ஒரு கணக்கை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கரையில் நடந்திருக்கிறாரே. அண்ணனைக் கோபித்தால் அண்ணன் வரமாட்டார், இவரைக் கோபித்தால் இவர் எங்கே போகப் போகிறார், அந்த தைரியத்தில்தானே அத்தனையையும் இவர் தலையில் இறக்கினோம். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தர்ஷினி புல்லில் ஓடி வந்தாள், ஷம்சாத் தூரத்தில் விசில் ஊதினாள், புல்லில் மிதிக்கக் கூடாதாம். "அம்மா, மாமா போன்" என்று கையில் கொடுத்துவிட்டு அப்பாவின் துண்டைச் சரிசெய்தாள். அண்ணன்தான். நாளைக்குப் பிறந்த வீட்டிலிருந்து கூறைப்புடவையும் வேட்டியும் அவர்தான் கொண்டுவர வேண்டும், அதைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார வேண்டும். பிரகதா, நாளைக்கு நம்ம நகர்ல ஒரு பார்ட்டி மனை பார்க்க வருதும்மா, திருச்சியிலேருந்து வராங்க, தட்ட முடியல, புடவை வேட்டியெல்லாம் டிரைவர்கிட்டக் குடுத்து அனுப்பிடுறேன், நீ ஒண்ணும் நினைச்சுக்காதே என்று அந்தப் பக்கம் குரல் அவசரமாகச் சொன்னது. தொண்டைக்குள் ஏறி வந்தது. இந்தத் தடவை அது ஏறுவது இவளுக்குத் தெரிந்தது, வருகிறது, இதோ வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய் திறந்துகொண்டது: "ஐயோ, அதுக்கென்னண்ணே, நீங்க மனசால வாழ்த்துனா போதாதா!" சிரித்தாள், பலமாகச் சிரித்தாள், தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. புல்லுக்கு அந்தப் பக்கமிருந்து கேமரா படபடவென்று அடித்தது, "அம்மா சூப்பர்மா, இதான்மா, இந்தச் சிரிப்புக்குத்தான் காலையிலேருந்து தவம் கிடக்குறேன்!" என்று வெற்றிசெல்வன் கத்தினான்.

போனை மகளிடம் கொடுத்தாள். தியாகராசன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய்க்காலைப் பார்க்கவில்லை. "என்னவாம்?" என்றார்.

"நாளைக்கு அவரு வரலியாம்."

"வரலன்னு சொன்னதுக்கா சிரிச்சே?"

முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி மாதிரி இருந்தது அது. பிரகதாம்பாள் தலையை ஆட்டினாள், ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியவில்லை. நாளைக்கு மணையில் உட்காரத்தான் போகிறாள், அதில் இனிமேல் யோசனை இல்லை, டிரைவர் கொண்டுவருகிற புடவையைக் கட்டிக்கொண்டு, இந்த மனிதருக்குப் பக்கத்தில்... கெட்டிமேளம் கொட்டும்போது எல்லாரும் சிரிம்மா சிரிம்மா என்பார்கள், வெற்றிசெல்வன் முன்னால் வந்து மண்டி போட்டுக்கொண்டு சிரிக்கச் சொல்வான், அவளும் சிரிப்பாள். அப்போது வருவது எந்தச் சிரிப்பு என்று இவருக்கு எப்படித் தெரியப்போகிறது, இவரை விடு, எனக்கே எப்படி...